அடுப்புக்கு மேலே கப்பல்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஏறக்குறைய மூன்று மாதம் எங்கள் வீட்டில் சோறு தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் வெந்தது. மின்சாரச் சோற்றுப்பானை, தண்ணீர் சுடவைக்கும் ஜாடி, நான்கு தட்டுகள், ஒரு கூடை வெங்காயம் எல்லாம் வரவேற்பறைக்குக் குடிவந்திருந்தன. நான் கார்ட்டூன் பார்க்கும்போது திரைக்குக் குறுக்கே ஆவி போகும். பள்ளித் தோழிகளிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். வேறு யார் வீட்டிலும் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

அம்மா அடுப்படிக்குள் போவதை நிறுத்தியிருந்தார். அதுதான் காரணம்.

எங்களுடையது துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் ஒரு வரிசை வீடு. அப்பா துறைமுகத்திலிருந்து மேருவில் உள்ள கிடங்குகளுக்குக் கொள்கலன் ஏற்றிப்போகும் லோரி ஓட்டினார். அம்மா காப்பாரில் மீனவர் வீடுகளை ஒட்டி வளர்ந்தவர். மீன் வெட்டுவதிலும் சரி, பேசுவதிலும் சரி, அவர் கைக்கும் வாய்க்கும் ஈடு கொடுக்க எங்கள் வரிசையில் ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் நாற்காலியில் உட்கார்ந்து சன்னல் வழியாக வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளி விடுமுறையில், மழை பெய்த ஒரு சனிக்கிழமை பிற்பகலில் அது நடந்தது. நான்தான் பீசாங் கோரேங் வேண்டும் என்று கேட்டேன். மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம். சாலை முனையில் ஒரு மலாய் அக்கா தினமும் விற்பார். மழை என்பதால் அன்று கடை போடவில்லை. அம்மா முடியாது என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மறுபடி கேட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு இன்னொரு முறையும் கேட்டேன். அம்மா சலித்துக்கொண்டே எழுந்துபோய் எண்ணெய்ச் சட்டியை வைத்தார்.

நான் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். அடுப்பு மேசைக்குக் கீழேயிருந்து நெருப்பு எழும்பி எண்ணெய்ச் சட்டியையும் பிடித்துக்கொண்டது. "வெளிய ஓடு!" என்று அம்மா கத்தினார். நான் ஓடவில்லை. தட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். அம்மா குனிந்து, அந்த நெருப்புக்குள் இடது கையை விட்டு, கேஸ் சிலிண்டரைத் திருகி மூடினார். அதன்பிறகுதான் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் நனைத்த சாக்கோடு வந்து மிச்சத்தை அணைத்தார். அப்பா அப்போது லோரியில் இருந்தார்.

அம்மா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெந்திருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொன்னார்கள்: எண்ணெய் வைத்தால் கவனமாக இருக்க வேண்டாமா, பிள்ளை வேறு பக்கத்தில் நின்றதாமே. ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிற அம்மா அன்று கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எல்லாருக்கும் குவளையில் சிராப் சர்பத் ஊற்றிக் கொடுத்தார். கொடுத்தவர்களுக்கே திரும்பவும் கொடுத்தார். நான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஏன் அந்த நேரத்தில் எண்ணெய் வைத்தாய் என்று யாராவது கேட்டுவிட்டால் என் பெயர் வந்துவிடும் என்று பயமாக இருந்தது. யாரும் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்தது என் பயத்தை இன்னும் கூட்டியது. என் மேல் இருக்கும் கோபத்தை அம்மா பத்திரமாக வைத்திருக்கிறார், ஒருநாள் மொத்தமாக எடுப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா பழைய அடுப்பை, சிலிண்டரை, அதோடு ஒட்டிய சகலத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கி வந்தார். கடைக்காரப் பையன்கள் வந்து பொருத்திவிட்டுப் போனார்கள். பளபளவென்று கண்ணாடி மேல்பரப்பு வைத்த அடுப்பு. அதை யாரும் பற்ற வைக்கவில்லை. காலையில் கடையிலிருந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், இரவில் ரொட்டி சானாய், நடுவில் கொதிநீர் ஊற்றிய மீ நூடுல்ஸ். முதல் வாரம் எனக்குத் தீபாவளி. மூன்றாவது வாரம் அம்மா வைக்கும் வெறும் ரசத்துக்காக ஏங்கினேன். கேட்கத்தான் பயமாக இருந்தது. ஒரு பண்டத்தைக் கேட்டு என்ன ஆயிற்று என்று பார்த்தாகிவிட்டதே.

அம்மா உட்காரும் நாற்காலியிலிருந்து அடுப்படிச் சுவர் நேராகத் தெரியும். அடுப்புக்கு மேலே கூரை வரை கரி படிந்திருந்தது. அப்பா முதலில் வாசலில் ஒரு திரை போட்டார். பிறகு வெள்ளைச் சாயம் வாங்கி அடித்தார். இரண்டு நாளில் கரி மஞ்சளாக வெளியே வந்தது. சாயக்கடைக்காரர் சொல்லி, கறையை அடக்கும் அடிச்சாயம் ஒன்றை அடித்து, அதற்கு மேல் வெள்ளை அடித்தார். இந்த முறை சுவர் பாலாடை போல நின்றது. அப்பா பெருமையோடு திரையை விலக்கிக் காட்டினார்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த ஒரு இடம் மட்டும் அவ்ளோ வெள்ளையா இருந்தா, கண்ணு அங்கதான்லா போகுது" என்றார்.

அப்பா திரையை மறுபடி இழுத்துவிட்டார்.

அப்போதுதான் அவருக்குப் படம் வரையும் யோசனை வந்தது. பின்தெருக் கோயிலில் கும்பாபிஷேக வேலை நடந்துகொண்டிருந்தது. கோபுரச் சிலைகளுக்குச் சாயம் தீட்டத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர் தேநீர்க் கடையில் அப்பாவுக்குப் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். சட்டையெல்லாம் சாமிகளின் நிறத்தோடு வந்து நின்ற அவர், சுவரைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, அன்னபூரணி போட்டுடவா? அடுப்படிக்கு ரொம்ப விசேஷம்."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சாமியெல்லாம் வேணாம் தம்பி. நாங்க இங்க மீன் பொரிப்போம், கோழி வெட்டுவோம்."

அப்பா சட்டென்று திரையைத் திரும்பிப் பார்த்தார். பொரிப்போம் என்று அம்மா சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. எனக்கும் விழுந்தது, ஆனால் நான் மீனைப் பற்றித்தான் நினைத்தேன்.

"அப்ப மயில் போடவாக்கா?"

"மயில் இருந்தா முருகன் எங்கன்னு கேப்பாங்க."

"அன்னம்?"

"அது சரஸ்வதிது."

சாயக்காரர் தலையைச் சொறிந்தார். "அக்கா, எனக்குத் தெரிஞ்ச மிருகமெல்லாம் யாராச்சும் ஒரு சாமிகிட்டதான் வேல பாக்குது."

திரைக்குப் பின்னால் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அம்மா இருமினாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. அப்பா சிரிப்பு என்றே வைத்துக்கொண்டார். சாயக்காரர் தேநீர் குடித்தார். கும்பாபிஷேகத்துக்கு நாள் நெருங்குகிறது, இனி வர முடியாது என்றார். தன் பையிலிருந்து இரண்டு தூரிகைகளை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். "நீங்களே போடுங்கண்ணே. தெனம் பாக்குற பொருளா இருந்தா கை தானா போகும்."

அப்பா தினமும் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். அவர் கப்பல் வரைந்தார்.

அதற்குத் தயாரிப்பு பெரிதாக இருந்தது. யாரோ கலக்கச் சொல்லிவிட்டு வேண்டாம் என்று விட்டுப்போன சாய டின்கள் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதில் ஏழெட்டு வாங்கி வந்தார். நீலம் ஒரு டின்தான் இருந்தது. பாதிக் கடலுக்கு நீலம் போட்டு, மீதிக் கடலுக்குப் பச்சை போட்டோம். கப்பலின் மூக்கு முதலில் வாத்தின் அலகு போல வந்தது. அதை அழித்தால் காலணி போல வந்தது. அப்பா நாற்காலி மேல் நின்று, நாக்கை உதட்டோரம் வைத்துக் கடித்துக்கொண்டு வரைவார். கோடு கோணலாகப் போனால் அந்த இடத்தில் ஒரு கொள்கலன் வைத்துவிடுவார். நிறையக் கோணல் போனதால் அது நிறையச் சரக்கு ஏற்றிய கப்பலாக ஆகிவிட்டது. கொள்கலன்களுக்கு நிறம் தீட்டுவது என் வேலை.

"என்ன சாய நாத்தம் இப்படி அடிக்குது? என்னதான் வரையிறீங்க ரெண்டு பேரும்?" என்று அம்மா கூடத்திலிருந்து கேட்டார்.

"கப்பல்" என்றார் அப்பா.

"எவனாச்சும் அடுப்படில கப்பல் வரைவானா?"

"கடல்ல வரைய முடியலையே" என்றார் அப்பா.

அப்பா வேலை முடிந்து வெளிச்சம் இருக்கும் மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இது நடந்தது. இரண்டாவது ஞாயிறு என்று நினைக்கிறேன். நான் தரையில் உட்கார்ந்து கீழ் வரிசைப் பெட்டி ஒன்றுக்குச் சிவப்பு போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. முகம் தெரியாததால்தான் எனக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்க வேண்டும்.

"அப்பா, அம்மாவுக்கு என் மேல கோவமா?"

"எதுக்கு?"

"நான் பழம் கேட்டதாலதானே நெருப்பு வந்துச்சு."

தூரிகை நின்றது. அதிலிருந்து நீலம் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று புதிய அடுப்பின் மேல் விழுந்தது. அப்பா நாற்காலியிலிருந்து இறங்கினார். தூரிகையை டின் மேல் வைத்தார். பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாளி நிரம்பி வழிந்து தரையில் ஓடும் சத்தமும் கேட்டது. அப்பாவுக்கும் கோபம் வந்துவிட்டது, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். நான் போட்ட சிவப்பு கோட்டைத் தாண்டிப் போனது.

அவர் திரும்பி வந்தபோது தலைமுடியெல்லாம் ஈரம். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"நீ பழம்தான் கேட்ட. புள்ளைங்க பழம் கேக்கும். அதுல ஒரு தப்பும் இல்ல. புரியுதா?"

"அப்ப யாரு மேல தப்பு?"

அப்பா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் போலத்தான் இருந்தது. பிறகு, "அடுத்த பெட்டிக்கு மஞ்சள் போடு பாப்பா" என்றார்.

கப்பலுக்குக் கீழே கடலில் மீன் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அப்பாவுக்கு மீன் வராது. நான் ஒரு வாவல் மீன் வரைய முயன்றேன். உடம்பு தட்டையாக வந்தது, வால்தான் வரவில்லை.

"அம்மா, வாவலுக்கு வால் எப்படி இருக்கும்?" என்று கத்தினேன்.

"ரெண்டா பிரிஞ்சிருக்கும். கத்தரிக்கோல் தெறந்த மாதிரி."

வரைந்தேன். சரியில்லை. "மேல பெருசா, கீழ சின்னதா?"

"கீழதான் நீளமா இருக்கும். நீ எத்தன தின்னிருக்க, தெரியாதா?"

மறுபடி வரைந்தேன். மறுபடி கேட்டேன். காப்பார்க்காரருக்கு இது எவ்வளவு நேரம் பொறுக்கும்? நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரை விலகியது. அம்மா என் வாவலைப் பார்த்தார்.

"இது வாவலா? கால்ல போட்டுக்கிட்டு நடக்கலாம் போலிருக்கு."

உள்ளே வந்து, என் கையிலிருந்த தூரிகையை வலது கையால் வாங்கி, குனிந்து, ஒரே இழுப்பில் மேல் வாலையும் அடுத்த இழுப்பில் கீழ் வாலையும் போட்டார். மீன் உடனே நீந்தத் தொடங்கிவிட்டது. கண்ணுக்கு ஒரு புள்ளி வைத்தார். நிமிர்ந்தபோதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. அடுப்பு அவர் இடுப்பை ஒட்டி இருந்தது. அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அப்பா ஓடிப்போய்ப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரும்பக்கூட இல்லை. கொடிக்கம்பத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே இருந்தார். அம்மா தூரிகையை என் கையில் திணித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது என் வாவலுக்குப் பக்கத்தில் ஒரு மத்தி இருந்தது. அதற்கடுத்த நாள் ஒரு நண்டு, பத்துக் காலோடு. யார் வரைந்தது என்று நானும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. வார முடிவில் கடல் மீன் சந்தை போல ஆகிவிட்டது. அதோடு நிற்கவில்லை. என் பள்ளி ஓவியப் புத்தகத்திலிருந்து மாம்பழம், வானவில், முகமில்லாத ஒரு குடும்பம் எல்லாவற்றையும் அம்மா வெட்டி எடுத்து, எண்ணெய் தெறித்தால் துடைக்க வசதியாகக் கண்ணாடித்தாள் போட்டு, அலமாரிக் கதவுகளில் ஒட்டினார். சன்னல் விளிம்பு முழுக்க அவரே கோலப்புள்ளி வைத்துச் சிக்குக்கோடு இழுத்தார். கரி இருந்த இடத்தை இப்போது தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. கண் எதில் நிற்பது என்று தெரியாமல் அலைந்துகொண்டிருக்கும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா திரையைக் கழற்றி மடித்து வைத்தார். சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு போய் அதன் பழைய இடத்தில் வைத்தார். மேசையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. அம்மா மாவு கரைத்தார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். இத்தனை பண்டம் இருக்க, ஏன் இதையே எடுத்தார் என்று அப்போது தெரியவில்லை. நான் சொன்னதை அப்பா அவரிடம் சொல்லியிருப்பார் என்று தோன்றவே இல்லை. "கிட்ட வா. எத்தன வேணும், சொல்லு" என்றார் அம்மா. நான் மூன்று என்றேன். "ஆறு சாப்பிடு. பத்தலன்னா கேளு. கேட்டாதானே எனக்குத் தெரியும்?"

சட்டியில் எண்ணெய் ஊற்றினார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்.

"என்னங்க. இங்க வாங்க. நீங்க பத்த வைங்க."

"நானா? கை ஈரமா இருக்கு."

"தொடைச்சிட்டு வாங்க."

அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்தார். ஏற்கெனவே காய்ந்திருந்த கையை நெடுநேரம் துடைத்தார். அடுப்பின் திருகைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார்; டக்கென்று சத்தம் வந்ததும் விட்டுவிட்டார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை திருகுவதற்கு முன்பே கையை இழுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சந்துக்குள் நாற்பதடி லோரியைப் பின்னால் எடுக்கிற அப்பாவுக்கு ஓர் அடுப்பைப் பற்ற வைக்கத் தெரியவில்லை! நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா தன் இடது கையை, புதுத்தோல் இளஞ்சிவப்பாகப் பளபளத்த அந்தக் கையை, அப்பாவின் கை மேல் வைத்து, இரண்டு கையுமாகச் சேர்த்துத் திருகினார். நீலமாகச் சுடர் வட்டம் கட்டியது.

"பாருங்க, எரியுது. ஒண்ணும் ஆகல" என்றார் அம்மா.

போன வருடம் நான் வேலைக்காகப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாடகை வீடு எடுத்தேன். பார்க்க வந்த அம்மா, சன்னலையோ குளியலறையையோ பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய்க் குனிந்து, கேஸ் சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் டியூப்பை விரலால் தடவினார். இன்றைக்கே மாற்று என்றார். ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன்.

"அப்ப நம்ம வீட்டு டியூப்பு வெடிப்பு விட்டிருந்துச்சு. அந்த வாரத்துல ரெண்டு தடவ அப்பாகிட்ட சொன்னேன். ஞாயித்துக்கிழம மாத்துறேன்னாரு. சனிக்கிழமையே புடிச்சிருச்சு."

"சொந்தக்காரங்க உங்களத்தானேம்மா திட்டுனாங்க? ஒரு வார்த்த சொல்லலையே நீங்க."

"சொல்லி? அவருக்கே தெரியாமயா இருந்துச்சு?" என்றார் அம்மா. பிறகு எங்கே டியூப் விற்கும் கடை என்று கேட்டார்.

அந்த மூன்று மாதமும் பயந்தவர் அம்மா ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். அப்பாவும் அந்தப் புதிய அடுப்பை ஒருமுறைகூடத் தொடவில்லை என்பது அப்போது என் கணக்கில் வரவில்லை. தன் தவறை ஒன்பது வயது மகள் தலையில் தூக்கிக்கொண்டு திரிவதை என் வாயாலேயே கேட்டுவிட்டுத்தான் அவர் குழாயடிக்குப் போனார் என்பதும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அன்று அப்பா ஒரு கோமாளி போல மூன்று தடவை தோற்றார் என்பதுதான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எதற்கும் முதலில் சிரிக்கிற அம்மா அன்று சிரிக்கவில்லை. சுடர் நன்றாகப் பிடித்த பிறகும் அப்பாவின் கை மேலிருந்து தன் கையை எடுக்கவும் இல்லை. எண்ணெய் காய்ந்துவிட்டது, பழத்தைப் போடுங்கள் என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.